அக்கா அடித்து எழுதிய சொல்

எங்கள் அக்கா மறைந்து இந்த ஆடியோடு ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பல பெயர்களால் அறிவீர்கள். தலவாக்கலைக் கடைவீதியில் அவர் டானிக் அக்கா. மேலே தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயங்களில் சீதாத்தண்ணி அக்கா. எனக்கு அக்கா, அவ்வளவுதான். மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதே பல வருடங்களாக எனக்குத் தொழில். அக்காவைப் பற்றி எழுதும்போது எதையும் கூட்டிச் சொல்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். கூட்டிச் சொன்னால் அவரே எழுந்து வந்து பென்சிலால் அடித்துவிடுவார்.

அக்கா பிறந்தது உடப்புசல்லாவைக்குப் பக்கத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்தில். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். அம்மா கொழுந்து எடுத்தவர். அக்காவுக்குப் பதினோரு வயதாகவும் எனக்கு ஐந்து வயதாகவும் இருந்தபோது அம்மா காலமானார். அக்கா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தார். அதற்குமேல் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மாவின் கூடையை எடுத்துக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார். கூடை அவருடைய முழங்கால் வரை தொங்கியது என்று அப்பா பின்னாளில் சொல்வார்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையில் அடுப்புக்கரியால் எழுதுவார். நான் பார்த்து எழுத வேண்டும். ‘ழ’ வர வேண்டிய இடத்தில் ‘ள’ வந்தால் தலையில் ஒரு குட்டு. அந்தக் குட்டுகளே என்னைக் கொழும்புக்கு அனுப்பின. நாடு சுதந்திரம் பெற்ற மறு வருடம், ஒரு பத்திரிகையின் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை கிடைத்தது. அச்சுக்கோத்ததில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்துக் குறிப்பதே மெய்ப்புப் பார்ப்பவனின் வேலை.

அதற்குள் அக்காவுக்குத் தலவாக்கலையில் கல்யாணமாகியிருந்தது. மச்சான் கடைவீதியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். வெற்றிலை, சோடா, தைலம், தலைவலி மாத்திரை. மச்சானுக்கு இழுப்பு நோய். மேட்டில் பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். கொழும்புக் கம்பனி ஒன்று சீதபலம் என்ற டானிக்கை மலைநாட்டில் விற்க ஆள் தேடியபோது, ஏஜென்சி மச்சானின் பேரில் வந்தது. மலையேறும் வேலை அக்காவின் பங்குக்கு வந்தது. அவர் தேடிப் பிடித்தது பழைய கொழுந்துக் கூடையைத்தான். அடியில் வைக்கோல், மேலே போத்தல்கள். அதே கயிறு, அதே நெற்றி.

சீதபலம் வெயில் காலத்துக்கான டானிக். போத்தலைச் சுற்றியிருந்த ரோஸ் நிறத் தாளில், உச்சியில் நெருப்பாய் எரியும் சூரியனும் அதன் கீழ் மார்பை விரித்து நிற்கும் ஒரு பயில்வானும் இருந்தார்கள். சமவெளியில் வியர்த்துக் களைத்தவர்களுக்காகச் செய்யப்பட்ட சரக்கு அது. அதைத்தான் அக்கா காலையில் புல்லின்மேல் பனி உறையும் ஊரில் விற்க வேண்டியிருந்தது. முதல் வாரம் லயத்துக்கு லயம் சிரித்தார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி, “எங்கக்கா இங்க வெயிலு? இருந்தா கொஞ்சம் அதையும் கூடையில கொண்டாங்க” என்றாளாம்.

“கூடையோட மேட்டுல ஏறுறப்போ முதுகுல ஓடுதே, அதுக்குப் பேரு என்ன புள்ள?” என்று கேட்டார் அக்கா.

அன்று அந்த லயத்தில் நான்கு போத்தல்கள் விற்றன. சீதபலம் என்ற பெயர் இரண்டு மாதத்தில் சீதாத்தண்ணி ஆகிவிட்டது. நுவரெலியாவுக்குப் பக்கத்துச் சீதையம்மன் கோயில் தீர்த்தத்தில் காய்ச்சுகிறார்கள் என்று சிலர் நம்பினார்கள். அக்கா அதை ஒருநாளும் ஆமோதித்ததில்லை. கேட்டவர்களிடமெல்லாம், “கோயிலும் இல்ல கொளமும் இல்ல. சீனிப்பாகு, நன்னாரி, கொஞ்சம் இரும்பு. பசியெடுக்கும், வாய்க்கு ருசியா இருக்கும், ரெண்டு நாளைக்கு மனசு தெம்பா இருக்கும். அத்தனதான் நான் விக்கிறது” என்றே சொன்னார். மலை யாத்திரைக் காலத்தில் அடிவாரத்து நல்லதண்ணிக்குப் போய், மலையிறங்கிக் கால் நடுங்க வருகிறவர்களுக்கு விற்கும்போதும் இதே பேச்சுத்தான். உண்மையைச் சொல்லி விற்றதால் அவருக்கு விற்பனை குறையவில்லை. கூடியது.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

கம்பனி தன் தாளைப் புதிதாக அச்சடிக்க எங்கள் அச்சகத்துக்கே கொடுத்தது. மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. கம்பனிக்காக அதை எழுதியவர் நெல் விளையும் ஊர்க்காரர். ‘உடற்சூடு தணியும். வெயிலும் காய்ச்சலுமான நாட்களில் வேளைக்கு இரண்டு கரண்டி’ என்று எழுதியிருந்தார். மழையில்லாமல் நிலம் காய்வதை அவர் ஊரில் காய்ச்சல் என்பார்கள். எனக்கும் அந்தச் சொல் புதிதல்ல. மாசி மாதத்தில் அப்பா மலையிலிருந்து வந்து, “மேட்டு மலை நல்ல காய்ச்சல்ல கெடக்கு” என்பார். அச்சுக்கோப்பவர் வரி நீளமாக இருக்கிறது, சட்டத்துக்குள் அடங்கவில்லை, ஒரு சொல்லை எடுங்கள் என்றார். வெயிலும் காய்ச்சலும் ஒன்றுதானே என்று நினைத்தேன். வெயிலை எடுத்தேன். ‘காய்ச்சல் நாட்களில் வேளைக்கு இரண்டு கரண்டி’ என்று வரி அழகாக அடங்கியது. நான் மெய்ப்புப் பார்த்த தாள் இது என்று பெருமையோடு அக்காவுக்குக் கடிதமும் எழுதினேன். அக்கா தாளைப் பார்த்திருக்கிறார். விற்கிறவர்கள் தம் சரக்கின் தாளை மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். அவர் கண்ணிலும் அந்த வரி படவில்லை.

அந்த மாசியில் சீதாத்தண்ணி வழக்கத்துக்கு மேல் விற்றது. தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள ஒரு தோட்டத்தில், போன ஞாயிறு ஒரு போத்தல் வாங்கியவர்கள் இந்த ஞாயிறு இரண்டு கேட்டார்கள். அக்கா மகிழ்ச்சியோடுதான் கூடையை இறக்கினார். தேயிலைப் பக்டரியில் வேலை செய்த கருப்பையா என்பவர், “புள்ளைக்குத்தாங்க, மொதல்ல நல்லாக் கேட்டுச்சு” என்று சொல்லிக் கையை நீட்டினார். எதற்குக் கேட்டது என்று விசாரித்தார் அக்கா. காய்ச்சலுக்கு என்றார் கருப்பையா.

அதற்குப் பிறகு நடந்ததை அக்காவிடமும் கருப்பையாவிடமும் நான் தனித்தனியே கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகின்றன. கருப்பையா சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் கொஞ்சம் உரத்துக் கேட்கும்.

அக்கா அவர்கள் குடியிருந்த காம்பராவுக்குள் போனார். சாக்கின்மேல் கருப்பையாவின் எட்டு வயது மகள் சரசு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. தலைமாட்டில் காலியான சீதபலம் போத்தல். சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ரோஸ் தாள் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது.

“எத்தன நாளாச்சுண்ணே?”

“ஆறு நாளுங்க. நேத்துலருந்து கூப்பிட்டா முழிக்கிறா, பேச மாட்டேங்கிறா.”

“ஆஸ்பத்திரியில காட்டலியா?”

“எதுக்குங்க? உங்க மருந்துதான் வேளை தவறாமக் குடுக்கிறமே.”

அக்கா சுவரிலிருந்த தாளை அப்போதுதான் வரிவரியாகப் படித்தார். படித்துவிட்டுக் கருப்பையாவின் கையிலிருந்த புதுப் போத்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இது காய்ச்சலுக்கான மருந்து இல்லை, வெயிலுக்கானது, பிள்ளையை உடனே தூக்குங்கள் என்றார். கருப்பையாவுக்குக் கோபம் வந்தது. அந்த லயத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. அவர்களில் அவர் ஒருவர். அந்தத் தாளை அக்கம்பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டியவரும் அவர்தான்.

“அச்சுல போட்டிருக்குங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்கிறீங்களா?”

“நீங்க படிச்சது சரிண்ணே. அச்சுதான் தப்பு.”

“கொழும்புல அடிச்சது தப்பாகுமா? விக்கிறவங்களே குடுக்காதேங்கிறீங்க. அப்ப இதுல வேற என்னமோ இருக்கு.”

வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அக்கா அவர்கள் பக்கமும் திரும்பிச் சொன்னார்: “கொழும்புல இத அச்சுல பாத்தது யாரு தெரியுமா? என் தம்பி. ‘ழ’னாவுக்கும் ‘ள’னாவுக்கும் வித்தியாசம் தெரியாம என்கிட்ட குட்டு வாங்குனவன். அவன் பேச்சக் கேட்டா புள்ளய இப்பிடிப் போட்டிருக்கீங்க?”

வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள். கருப்பையா சிரிக்கவில்லை. அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி எழுந்து வந்து, “தூக்குங்க புள்ளய” என்றாள். அவர் தூக்கினார்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லோரும் டாக்டர் ஐயா என்று அழைத்த மருந்தாளர், ஞாயிறு என்றும் பாராமல் வீட்டிலிருந்து வந்து பார்த்தார். இது இங்கே வைத்துப் பார்க்கிற காய்ச்சல் இல்லை என்று நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். மெயின் ரோட்டுக்கு இறங்கினால் பஸ் நிறைந்து வந்தது. கண்டக்டர் சிங்களவர். இடமில்லை என்று கை காட்டினார். அக்கா பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டு, “லமயாட்ட உண, மாத்தயா” என்றார், பிள்ளைக்குக் காய்ச்சல் ஐயா என்று. கண்டக்டர் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். முன் சீட்டிலிருந்த இரண்டு பேரை எழுப்பினார். அதன்பிறகு, ஏற வேண்டியவர்கள் கை காட்டிய இடங்களில்கூட பஸ் நிற்கவில்லை. “சிங்களத்துல எழுதியிருந்தா இந்தக் கொழப்பமே வந்திருக்காது. உணன்னா உணதான்” என்று அக்கா பின்னாளில் சொல்வார்.

சரசுவுக்கு வந்திருந்தது டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சல். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இரண்டு வாரங்கள் யாருக்கும் நிச்சயமில்லை. மூன்றாவது வாரம் அவள் கண்ணைத் திறந்து கருவாட்டுக் குழம்பு கேட்டாள். கருப்பையா ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அழுதது அன்றுதான்.

அந்த மூன்று வாரங்களும் அக்கா வீட்டில் இருக்கவில்லை. புதிய தாளோடு போத்தல் விற்ற தோட்டங்கள் பதினொன்று. அத்தனைக்கும் திரும்ப நடந்தார். கூடையில் போத்தல் இல்லை, கையில் ஒரு பென்சில். தோட்டத்துத் தலைவரிடம் அனுமதி கேட்டு, விடியற்காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் நிற்பார். தாளை உயர்த்திப் பிடித்து அந்த வரியைப் படிப்பார். பிறகு, “காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரி, வெயில் வந்தா டானிக்” என்பார். ஆட்கள் மலைக்குப் போனபின் காம்பரா காம்பராவாகப் போய், சுவரில் ஒட்டியிருந்த தாள்களில் ‘காய்ச்சல்’ என்ற சொல்லைக் கோடிட்டு அடித்து, மேலே ‘வெயில்’ என்று எழுதினார். பூட்டியிருந்த காம்பராக்களுக்கு மறுநாள் போனார். இன்னும் இரண்டு இடங்களில் காய்ச்சலோடு டானிக் குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இருவரும் பிழைத்தார்கள்.

ஒரு பெரட்டில் தலைவர் ஒருவர், “ஏவாரத்துக்கு வந்த பொம்பள ஏவாரத்தக் கெடுக்கிறத இப்பத்தான் பாக்கிறேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

“கெட்டாலும் என் ஏவாரந்தானே தலைவரே” என்றார் அக்கா.

செய்தி கொழும்புக்குப் போனது. கம்பனியின் தாளில் கண்டபடி கிறுக்குவதை உடனே நிறுத்த வேண்டும், இல்லையேல் ஏஜென்சி பறிக்கப்படும் என்று மச்சானுக்குக் கடிதம் வந்தது. மச்சானின் இழுப்புக்கான மருந்தும் அடுப்பில் ஏறுகிற அரிசியும் அந்த ஏஜென்சியிலிருந்தே வந்தன. கடிதத்தைப் படித்த மச்சான், “நீ என்ன செய்யணும்னு நெனக்கிறியோ அதச் செய்” என்று மட்டும் சொன்னார். அக்கா ரயிலேறினார்.

அச்சகத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று ரோஸ் தாளை வைத்தார். பென்சிலால் திருத்திய தாள். நான் பார்த்தேன். புரிந்தது. வரி அடங்கவில்லை என்று விளக்கத் தொடங்கினேன். சரசுவைப் பற்றி அவர் சொன்னதும் குட்டுக்குத் தலையைக் குனிந்தேன்.

அக்கா குட்டவில்லை. குட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வரி கொள்ளலன்னா எழுத்தச் சின்னதாக்கு தம்பி. சொல்ல எடுக்காத” என்றார்.

அன்று மத்தியானமே இருவரும் கம்பனி மனேஜரைப் பார்க்கப் போனோம். மரியாதையாக உட்காரச் சொன்னார். தவறு என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். அந்த வரி வந்த பிறகு மலைநாட்டில் விற்பனை ஏறியிருக்கிறதாம். ஒரு பிழையும் இல்லாத வரியை எதற்காக மாற்ற வேண்டும், காய்ச்சல் என்றால் வெயில் என்றும் பொருள் இருக்கிறதே என்று அகராதியைக் காட்டாத குறையாகப் பேசினார். உங்களுக்கு முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்றும் சொன்னார்.

அக்கா எழுந்து நின்றார். அவர் பேசியதை நான் ஒரு நிருபரைப் போல அன்றே குறித்துவைத்தேன்.

“போடுங்க. ஆனா பதினோரு தோட்டத்துலயும் நான் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். உங்க ஆளு கூடைய எறக்கின ஒடனே மொதக் கேள்வி, ‘இது காய்ச்சலுக்கா வெயிலுக்கா?’ன்னுதான் கேப்பாங்க. அவரு என்ன சொல்லுவாரு? காய்ச்சலுக்குன்னா அடி விழும். வெயிலுக்குன்னா தாளு பொய்யி. ரெண்டுல ஒண்ண நீங்களே இப்பச் சொல்லிக்குடுத்து அனுப்புங்க.”

மனேஜர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மணியடித்து ஆளைக் கூப்பிட்டுப் பேனா கொண்டுவரச் சொன்னார்.

புதிய தாளின் மெய்ப்பை நான் மூன்று முறை பார்த்தேன். ‘வெயில் நாட்களில் வேளைக்கு இரண்டு கரண்டி’ என்றிருந்தது. அதன் கீழே அக்கா சொல்லச் சொல்ல எழுதிய ஒரு வரியும் சேர்ந்தது: ‘இது காய்ச்சலுக்கு மருந்தல்ல. காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவும்.’ தன் சரக்கு எதற்கு ஆகாது என்று தானே சொல்லும் டானிக் தாளை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த வருடங்களில் குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் ஆட்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை கிடையாது. அக்காவுக்கும் கிடையாது. ஆனால் அவர் சொன்ன வரி அச்சேறி, மலையெங்கும் முருகன் படத்துக்குப் பக்கத்திலும் மாதா படத்துக்குப் பக்கத்திலும் ஒட்டப்பட்டது.

ஏஜென்சி போகவில்லை. அடுத்த மாசியில் விற்பனை முதலில் சற்றே இறங்கி, பிறகு பழைய அளவையும் தாண்டியது. காய்ச்சல் என்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று அந்தத் தோட்டத்து டாக்டர் ஐயா என்னிடம் சொன்னார். சில லயங்களில் அக்காவின் கூடையைக் கண்டாலே சிறு பிள்ளைகள், “காய்ச்சல் வந்தா?” என்று கத்துவார்கள். “ஆஸ்பத்திரி” என்று அக்கா பதிலுக்குக் கத்துவார். ‘கிறுக்குவதை நிறுத்த வேண்டும்’ என்ற கம்பனிக் கடிதத்தை மச்சான் கடையில் சட்டம் போட்டு மாட்டினார். மச்சான் காலமான பிறகும் அது அங்கேயே தொங்குகிறது.

அக்கா தம் ஒரே மகளைப் படிக்கவைத்து ஆசிரியையாக்கினார். கடைசிவரை கூடையை விடவில்லை. சென்ற வருடம் ஆனியில் தமக்குக் காய்ச்சல் கண்டபோது, யாரும் சொல்லாமலே பஸ்ஸேறி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். காய்ச்சல் தணிந்தது. ஆனால் இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். வீட்டுக்குத் திரும்பியபின் பார்க்க வந்த ஒருவர் அன்போடு ஒரு போத்தல் சீதபலத்தைக் கட்டிலருகே வைத்தார். வெளியே மூன்று நாளாக விடாத மழை.

“கொஞ்சம் எட்டிப் பாருங்க. வெயிலா அடிக்குது?” என்று கேட்டார் அக்கா. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அதற்கு மறுநாள் காலை அமைதியாக விடைபெற்றார்.

இறுதிச் சடங்குக்குச் சரசு தன் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து என்னிடம் காட்டினாள். ரோஸ் நிறம் வெளுத்துவிட்டது. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. அக்கா எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். அக்காவைக் கவனித்த டாக்டர்களுக்கும் தாதிமாருக்கும், மழையில் நனைந்து பாடை சுமந்தவர்களுக்கும், கடைவீதியை அரைநாள் மூடிய வியாபாரிகளுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் தேநீரும் பாணும் கொடுத்த பக்கத்துச் சிங்களப் பேக்கரிக்காரருக்கும், வேலைக்குப் போகாமல் லொறியில் வந்திறங்கிய பதினோரு தோட்டத்து ஆட்களுக்கும், தப்பு முழக்கியவர்களுக்கும், கருப்பையா அண்ணனுக்கும், அன்று “தூக்குங்க” என்று சொன்ன அவருடைய மனைவிக்கும், பெயர் தெரியாத அந்த பஸ் கண்டக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

இந்த மலரை அச்சுக்கோத்தவர் நேற்று வந்து, கடைசிப் பக்கம் அடங்கவில்லை, கண்டக்டரையும் பேக்கரிக்காரரையும் எடுத்துவிட்டு ‘மற்றும் பலருக்கும்’ என்று போட்டால் சரியாகிவிடும் என்றார். எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னேன். இந்தப் பக்கத்தைப் படிக்கக் கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும். இதில் ஒரு சொல்லும் எடுக்கப்படவில்லை.